பாதிரிக்குடியார் ரட்சை: அரிட்டாபட்டிக் குன்றுகளும் அவற்றின் காவலும்

மதுரையிலிருந்து மேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே யானைமலை கண்ணில் படும். படுத்திருக்கும் களிற்றின் வடிவில் ஒரே பாறையாக நீண்டு கிடக்கும் அம்மலையை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. அதனையும் கடந்து நரசிங்கம்பட்டிப் பக்கமாகச் சென்று, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே தனித்தனியே எழுந்து நிற்கும் குன்றுகள் தோன்றும். தொடர்ச்சியான மலையன்று, நிலத்தின் மேல் ஆங்காங்கே கவிழ்த்து வைத்த பெருங்கலங்கள் போன்ற வெற்றுப் பாறைகள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, தேன்கூட்டுமலை, கழுகுமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஊரார் பெயர் வைத்திருக்கின்றனர். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவையே அரிட்டாபட்டிக் குன்றுகள்.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு சிற்றூர்களிலும் அமைந்த 193.42 எக்டேர் நிலப்பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இவ்வறிவிப்பைப் பெற்ற முதல் தலம் இதுவே. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என்று அரசின் குறிப்பு கணக்குச் சொல்லுகிறது. வல்லூறுகளும் இராசாளியும் இப்பாறை விளிம்புகளில் உறைகின்றன. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் அடிவாரப் புதர்களில் வாழ்கின்றன. இவற்றோடு சமணர் கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும், குடைவரைக் கோயிலும் அக்குறிப்பில் இடம்பெற்றுள்ளன. உயிர்களைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட ஓர் அரசாணையில் அறவோர் படுத்துறங்கிய கல்லும் சேர்ந்துகொண்டது தற்செயலாக இருக்கலாம், ஆயினும் பொருத்தமானதே.

ஊர்ப்பெயரைக் கேட்ட அளவிலேயே இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான அரிட்டநேமியின் திருப்பெயர் நினைவுக்கு வருவது சமணர்க்கு இயல்பு. அவ்வாறு இணைத்துப் பார்க்க மனம் விழையும். ஆனால் ஒலியொப்புமை ஒன்றே சான்றாகிவிடாது. இக்குன்றுகளில் உறுதியான சான்றுகள் வேறு இருக்கும்போது அதனை வற்புறுத்த வேண்டியதும் இல்லை.

சான்றுகளுக்குச் செல்லுமுன் பாறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. மதுரைச் சீமையின் குன்றுகள் கருங்கல்லும் அதனோடு இனமான வரிப்பாறையும் ஆனவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தின் ஆழத்தில், பெருஞ்சூட்டிலும் பேரழுத்தத்திலும் உருவானவை. மேலே கிடந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் மழையாலும் காற்றாலும் அரித்துச் செல்லப்பட, ஆழத்தில் இருந்தது வெளியே வந்தது. மேலிருந்த பாரம் நீங்கியவுடன் பாறை சற்றே விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகப் பிளவுகள் ஓடுகின்றன. பகல் வெயிலும் இரவுக் குளிரும் அப்பிளவுகளில் இறங்கும் மழைநீரும் சேர்ந்து, வெங்காயச் சருகு கழலுவதைப் போல, பாறையை ஏடேடாக உரிக்கின்றன. குன்றுகளின் முதுகு வழுவழுவென்று வளைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அடிப்பகுதியில் ஓர் ஏடு பெயர்ந்து விழுந்தால் மேலே நிற்பது தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிழலே குகை.

ஆகவே மதுரைக் குன்றுகளின் குகைகள், சுண்ணப்பாறையில் நீர் கரைத்துக் குடைந்த நீண்ட சுரங்கங்கள் போன்றவை அல்ல. ஆழம் குறைந்தவை, முன்புறம் முழுதும் திறந்தவை, காற்றும் வெளிச்சமும் தாராளமாக வருபவை. பழந்தமிழில் முழை என்று வழங்கிய சொல் இவற்றுக்கே உரியது. இங்குத் துறவியர் எதிர்ப்பட்ட இடர் ஒன்றே ஒன்று: மழைக்காலத்தில் குன்றின் முதுகில் வழியும் நீர் பாறையை ஒட்டியவாறே உள்ளே இறங்கித் தரையை நனைத்துவிடும். அதற்குச் செய்த மாற்று மிக எளியது. குகையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு புருவம் போல் பாறையை வெட்டிவிட்டனர். வழியும் நீர் அவ்விளிம்பை அடைந்ததும் உள்ளே வர இயலாமல் வெளியே சொட்டும். தொல்லியலார் இதனைக் காடி என்பர். மதுரையைச் சுற்றியுள்ள குகைத்தளங்களில் காடி வெட்டியிருப்பதைக் கண்டால், அங்கு மக்கள் தங்கியிருந்தனர் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

கார்காலத்தில் சமண முனிவர் வழிநடப்பதில்லை, ஓரிடத்தில் தங்கிவிடுவர். மழை பெய்தபின் மண்ணெங்கும் தளிரும் புழுவும் பூச்சியுமாக உயிர்கள் பெருகும். அடி வைத்தால் ஓர் உயிராவது நசுங்கும். அந்நான்கு மாதத் தங்கலுக்குப் பாறைக்குன்று எவ்வளவு ஏற்றது என்பதை அங்கு நின்று பார்த்தவர் உணர்வர். மண் இல்லாத தரை. பக்கத்திலேயே சுனை நீர். கூப்பிடு தொலைவில் உணவளிக்கும் ஊர். ஆயினும் ஊரின் ஆரவாரம் இல்லை. கற்படுக்கைகளைத் தலைமாட்டுப் பக்கம் சற்றே உயர்த்திச் செதுக்கி வழவழப்பாக்கியிருக்கின்றனர். இல்லறத்தார் துறவியர்க்குச் செய்த தொண்டு இதைவிடச் சிக்கனமாக இருந்திருக்க முடியாது: ஒரு விளிம்பு, ஒரு படுக்கை, அவ்வளவே.

அத்தொண்டைச் செய்தவர் யார் என்பதைக் கழிஞ்சமலையின் குகைநெற்றியே சொல்லுகிறது. அங்குத் தமிழ்ப் பிராமி எழுத்தில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ 2,200 ஆண்டுத் தொன்மை உடையவை. ஒன்று, நெல்வேலியைச் சேர்ந்த அதினன் வெளியன் என்பவன் இம்முழையைக் கொடுப்பித்ததைக் கூறுகிறது. மற்றொன்று, இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் என்பவன் நல்ல முழையொன்றைக் கொடுப்பித்ததைக் கூறுகிறது. நெல்வேலி இன்றைய திருநெல்வேலி என்றும், இலஞ்சி குற்றாலத்தை அடுத்த இலஞ்சி என்றும் அறிஞர் கருதுவர். அவ்வாறாயின், பாண்டிநாட்டின் தென்கோடியில் வாழ்ந்த தலைமக்கள் இருவர், நெடுந்தொலைவு கடந்து வந்து, மதுரைக்கு வடகிழக்கே ஒரு குன்றில் துறவியர்க்கு உறையுள் அமைத்துத் தந்திருக்கின்றனர். இரண்டு கல்வெட்டிலும் பெறுபவரின் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயர் மட்டுமே நின்றது. இன்ன முனிவர்க்கு என்று குறியாமல், வருகின்ற அறவோர் எவர்க்கும் ஆகட்டும் என்று விட்டதாகக் கொள்வது தவறாகாது.

இதற்கு அண்மையிலேயே மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், கணி நந்தன் என்னும் துறவியின் பெயரும், வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவின் பெயரும் வருகின்றன. மாங்குளத்தைப் பற்றி மலர்களிலும் நூல்களிலும் எழுதப்பட்டவை ஏராளம். எனவே அரிட்டாபட்டியில் அடுத்து நிகழ்ந்ததற்குச் செல்லலாம். அதற்கு ஆயிரம் ஆண்டுகளைத் தாண்ட வேண்டும்.

ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் தமிழகச் சமணத்தில் அச்சணந்தி என்றொரு முனிவரின் பெயர் மீண்டும் மீண்டும் கேட்கிறது. ஆர்யநந்தி என்னும் பெயரின் தமிழ் வழக்கு அது. யானைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடிச் சமணர்மலை, கருங்காலக்குடி, ஐவர்மலை, உத்தமபாளையம், ஏருவாடி என்று அவர் பெயர் தாங்கிய பாறைகளின் வரிசை நீளும். தெற்கே சிதறாலில் அவர் பெயர் உண்டு. வடக்கே தொண்டைநாட்டு வள்ளிமலையிலும் உண்டு. அவர்தம் தாயார் குணமதியாரும் சமணர்மலையில் ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார். துறவியின் தாய் என்னும் அடையாளத்தோடு ஒரு பெண்மணியின் பெயர் பாறையில் நின்றுவிட்டது. அதனைப் படிக்கும்போது வரலாறு சற்றே நெருங்கி வந்து அமர்வது போலிருக்கும்.

அரிட்டாபட்டியிலும் அச்சணந்தி ஒரு திருமேனியைச் செய்வித்தார். தியானக் கோலத்தில் அமர்ந்த தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பம் அது. அதன் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு மிகச் சிறியது; அதன் செய்தி மூன்று கூறாக அமைந்துள்ளது. குன்றின் பெயர் திருப்பிணையன் மலை. திருமேனி பொற்கோட்டுக் கரணத்தார் பேரில் அச்சணந்தியால் செய்விக்கப்பட்டது. இறுதியாக, பாதிரிக்குடியார் ரட்சை.

கரணத்தார் என்போர் கணக்கு எழுதுவோர். ஊர்க்கணக்கர் சிலரின் பெயரால் முனிவர் ஒருவர் தீர்த்தங்கரர் திருவுருவம் செய்வித்தார் என்பதே அக்காலச் சமணம் எத்தகைய மக்களிடம் வேர் கொண்டிருந்தது என்பதைக் காட்டும். ஆயினும் கல்வெட்டின் கனம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ரட்சை என்றால் காப்பு. செய்வித்தவர் முனிவர், அவர் அடுத்த குன்றுக்கு நடந்துவிடுவார். பொருள் தந்தவர் கணக்கர். அவர் இருப்பது பொற்கோட்டில். திருமேனியோ பாறையோடு பாறையாக இங்கேயே இருக்கும். அதற்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? பாதிரிக்குடி ஊரார் பொறுப்பு என்று எழுதி வைத்தனர். உலகியல் தெரிந்தவர் செய்த ஏற்பாடு அது. கோயில் கட்டுவதினும் கட்டியதைக் காக்க ஆள் வைப்பது கடினம் என்பதை அறக்கட்டளை நடத்துவோர் எவரும் ஒப்புக்கொள்வர்.

இவ்வழக்கம் அரிட்டாபட்டிக்கு மட்டும் உரியதன்று. யானைமலைச் சிற்பங்களுள் ஒன்றின் கீழ் நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை என்று காணப்படுகிறது. சபை என்னும் சொல் அந்நாளில் பிராமணர் ஊர்களின் அவையைக் குறித்தது. அதே யானைமலையின் அடியில் நரசிம்மப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எழுந்து ஒரு நூற்றாண்டு சென்றிருந்த காலம். அவ்வூர்ச் சபையார் அருகன் திருமேனிக்குக் காவலர் என்று கையொப்பமிட்டது போல் இது இருக்கிறது. சமயப் பூசல் மட்டுமே அக்காலத்துச் செய்தி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்க்கு இக்கல்வெட்டு வியப்பளிக்கும். பூசல் இருந்ததை மறுக்க வேண்டா. அண்டை அயலாரின் காவலும் உடன் இருந்தது. அரிட்டாபட்டிக் குன்றிலேயே மற்றொரு பக்கத்தில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் உள்ளது. அதன் வாயிலில் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் திருவுருவம் இருக்கிறது. ஒரே பாறையை இரு சமயத்தாரும் பகிர்ந்துகொண்டனர்; ஒருவர் சிற்பத்தை மற்றவர் சிதைக்கவில்லை.

அதன்பின் இக்குன்றுகளில் சமணத்தின் குரல் மெல்ல அடங்கியது. நூற்றாண்டுகள் கடந்தன. எழுத்து மாறியது, வட்டெழுத்தைப் படிப்பார் ஊரில் இல்லை. தமிழ்ச் சமணக் குடிகள் வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் நிலைத்தன. மதுரைக் குன்றுகள் அவர்கள் நினைவில் பெயர்களாக மட்டும் எஞ்சின. குன்றடி ஊரார் தமக்குத் தெரிந்த வகையில் சிற்பங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டனர். கீழக்குயில்குடியில் நீண்ட செவிகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் எனக் கருதியதால் அவ்விடம் செட்டிப்புடவு ஆயிற்று. பெயர் தவறுதான், ஆனால் அத்தவற்றில் ஓர் அன்பு இருக்கிறது. அந்நியன் என்று எண்ணியிருந்தால் உறவுமுறைக்குரிய பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

காவல் தளர்ந்த இடங்களில் என்ன நேர்ந்தது என்பதையும் மேலூர் வட்டாரமே காட்டும். கீழவளவில் குகைத்தளத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் கருங்கல் குவாரிகள் பெருகின. வழவழப்பாக்கப்பட்ட பலகைகளாகத் தொலைதூரச் சந்தைகளுக்குப் பாறைகள் சென்றன. அவை நின்ற இடத்தில் நீர் தேங்கிய பள்ளங்கள் எஞ்சின. முறைகேடுகளை ஆராய 2014ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் சட்ட ஆணையரை நியமிக்கும் அளவுக்கு அது சென்றது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று 2010ஆம் ஆண்டையொட்டி எழுந்தபோது சுற்றுவட்டாரத்து ஊரார் எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பின் சூட்டில் மதுரையில் தொடங்கிய பசுமை நடை என்னும் குழுவினர் மாதந்தோறும் மக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டுகளைப் படித்துக் காட்டி வந்தனர். அரிட்டாபட்டியும் அவர்கள் சென்ற இடங்களுள் ஒன்று.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரிட்டாபட்டியின் முறை வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் மேலூர் வட்டாரத்தில் 2,015 எக்டேர் பரப்பில் சுரங்க உரிமை ஏலம் போன செய்தி வெளியாயிற்று. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் அதனுள் அடங்கியிருந்தது. டங்ஸ்டன் மிகக் கடினமான உலோகம்; பாறையைத் துளைக்கும் கருவிகளின் முனைக்கு அதுவே பயன்படுகிறது.

செய்தி பரவிய சில நாள்களில் கிராம சபைகள் கூடின. அரிட்டாபட்டி, அ.வல்லாளப்பட்டி, தெற்குத்தெரு, நரசிங்கம்பட்டி முதலிய ஊர்களின் மக்கள் ஒன்றுசேர்ந்தனர். டிசம்பர் 9ஆம் நாள் ஏலத்தை நீக்கக் கோரும் தீர்மானம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. டிசம்பர் இறுதியில் மத்திய அரசின் சுரங்க அமைச்சகம் ஒரு நடுவழியை முன்வைத்தது: பல்லுயிர்த் தலம் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கே, அதனை விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரைய இயலுமா என ஆராயலாம் என்றது.

இந்த இடத்தில்தான் குன்றடி மக்களின் அறிவு வெளிப்பட்டது. காகிதத்தில் அந்த நடுவழி நியாயமாகவே தோன்றும். குன்றும் காக்கப்படும், கல்வெட்டும் காக்கப்படும் என்று வெளியூர்க் கல்வெட்டு ஆர்வலர் சிலர் அமைதி அடைந்திருக்கவும் கூடும். ஆனால் வெற்றுப் பாறையின் மேல் பெய்யும் மழை முழுதும் வழிந்து கண்மாய்க்குத்தான் வருகிறது. ஒரு கண்மாய் நிறைந்து அடுத்ததற்குப் போகிறது. ஆனைகொண்டான் கண்மாயின் நீரையும் குன்றையும் கோடு போட்டுப் பிரிக்க இயலாது. எல்லையை மாற்றுவது போதாது, ஏலமே நீங்க வேண்டும் என்று அவர்கள் நின்றனர். 2025 ஜனவரி 7ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி நடந்தனர். யானைமலையைக் கடந்துதான் அவ்வழி செல்ல வேண்டும். ஜனவரி 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை நீக்குவதாக அறிவித்தது.

நடந்தவர்கள் தம் நிலத்துக்காகவும் நீருக்காகவும் குலதெய்வக் கோயில்களுக்காகவும் நடந்தனர். அருகன் திருமேனிக்காக அவர்கள் நடந்தார்கள் என்று எழுதினால் அது மிகை. ஆயினும் அவர்கள் தம் குன்றின் சிறப்பை எடுத்துரைத்த போதெல்லாம் சமணர் படுக்கையும் பழங்கல்வெட்டும் அவர்கள் வாயில் வந்தன. வழிபாட்டுத் தொடர்பு அறுந்து ஆயிரம் ஆண்டு சென்றபின் குன்றடி உழவர் அதனைத் தம் உடைமையாக எண்ணிப் பேசினர். தொண்டைநாட்டுச் சமணர்க்கு அதில் பெருமை கொள்ள இடமுண்டு. நாணம் கொள்ளவும் சிறிது இடமுண்டு. அந்த இரண்டு மாதங்களில் அக்குன்றின் பெயரைச் செய்தித்தாளில் கண்டபிறகே அங்குத் தம் முன்னோரின் திருமேனி இருப்பதை அறிந்த குடும்பங்கள் பல இருக்கக்கூடும்.

இப்போது மதுரைக்குச் செல்லும் சமணக் குடும்பத்தினர் சமணர்மலையோடும் யானைமலையோடும் திரும்பிவிடாமல் அரிட்டாபட்டிக்கும் சென்று வரலாம். காலைப்பொழுதே ஏற்றது. பத்து மணிக்குமேல் பாறை கொதிக்கத் தொடங்கும். மழை நாளில் வழுக்கும். குகைநெற்றியின் பிராமி எழுத்துகள் சாய்ந்த வெயிலில் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் கண்ணுக்கு அகப்படா. எழுத்தைப் படிக்கும் ஆவலில் சுண்ணக்கட்டியால் தேய்ப்பவர் உண்டு. அது கல்வெட்டை அழிக்கும் செயல். குழந்தைகளுக்கு முதலில் காடியைக் காட்டி, நீர் எங்கிருந்து எங்கே சொட்டும் என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவர். பிறகு சுனை, பிறகு சிவன் கோயில், இறுதியில் தீர்த்தங்கரர் திருமேனி என்று வரிசை வைத்துக்கொண்டால் களைப்புத் தெரியாது.

திருமேனியின் கீழுள்ள வரியை விரல் படாமல் பார்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் அச்சொல் வரும். அக்கல்வெட்டில் ஆண்டு இல்லை; மன்னன் பெயர் இல்லை; காவல் எத்துணைக் காலத்துக்கு என்னும் வரையறையும் இல்லை. வழி தெரியாவிட்டால் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டாலே போதும், கூடவே வந்து காட்டுவார்.